கால்குலேட்டர் 'எக்ஸ்பான்ஷன் கிட்' வாங்குகிறவர்களே, சொருகும் முன் இதைப் படியுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எத்தனையோ வீடுகளில் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் (டிஐ) கம்பெனியின் டிஐ-83 பிளஸ், டிஐ-84 பிளஸ் கிராஃபிங் கால்குலேட்டர்கள் சும்மா கிடக்கின்றன. சிங்கப்பூரில் ஏ லெவல் படித்த பிள்ளைகள் ஊருக்கு வரும்போது விட்டுப்போனவை. அவற்றுக்கென்று ஒருவர் வாட்ஸ்அப்பில் 'எக்ஸ்பான்ஷன் கிட்' விற்கிறார். ஆர்டுயினோ போர்டு (புரோகிராம் ஏற்றி இயக்கும் சின்ன சர்க்யூட்), கால்குலேட்டரில் சொருகும் பிளக், லித்தியம் பேட்டரி, சார்ஜர்: இவைதான் கிட். ஒன்று 2,400 ரூபாய் வீதம் மூன்று வாங்கினோம். மூன்றும் ஒரே லட்சணம். ஒரு 83 பிளஸின் லிங்க் போர்ட் (வெளியிலிருந்து கேபிள் சொருகும் ஓட்டை) போய்விட்டது. அந்த மாடலில் யுஎஸ்பி கிடையாது. இனி அதற்குள் ஒரு புரோகிராமைக்கூட அனுப்ப முடியாது.

"ஜாக்கைச் சொருகுனாப் போதும் தம்பி, மெமரி தானா ஏறிடும்" என்றார் போனில். இந்த ஒரு பேச்சிலேயே உஷாராகியிருக்க வேண்டும். அந்த 2.5 மி.மீ. ஜாக்கில் இருப்பது மூன்றே தொடர்புகள்: இரண்டு டேட்டா, ஒரு கிரவுண்டு. அதன் வழியே ரேம் ஏறாது. வெளியில் இருக்கும் ஆர்டுயினோ போர்டோடு 'செண்ட்', 'கெட்' கட்டளைகளால் எண்களையும் லிஸ்ட்டுகளையும் வாங்கலாம், கொடுக்கலாம், அவ்வளவுதான். டிஐ-84 பிளஸ் சிஇ-க்கும் பொருந்தும் என்கிறார். சிஇ-யில் அந்த ஜாக்கே இல்லை.

போர்ட்டைக் கொன்றது போர்டில் ஏற்றியிருந்த புரோகிராம். டிஐ லிங்கில் சும்மா இருக்கும்போது இரண்டு டேட்டா லைனும் மேலே நிற்கும், அதாவது வோல்டேஜோடு இருக்கும். பேச வேண்டுமானால் ஒரு லைனைக் கீழே இழுக்க வேண்டும், பேசி முடித்ததும் விட்டுவிட வேண்டும். யாரும் எந்த லைனையும் பலமாக மேலே தள்ளக் கூடாது. ஆர்டுயினோவில் இழுக்கும்போது 'அவுட்புட் லோ', விடும்போது 'இன்புட் புல்லப்'. கிறிஸ்டோபர் மிட்செல் எழுதி இலவசமாக விட்ட 'ஆர்டிகல்' லைப்ரரி இந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது. இந்தக் கிட்டிலோ 'அவுட்புட் ஹை'. கால்குலேட்டர் கீழே இழுக்கிறது, போர்டு 5 வோல்ட்டை வைத்து மேலே தள்ளுகிறது. நடுவில் ஒரு ரெசிஸ்டர்கூட இல்லை. முதலில் 'எர்ர்: லிங்க்' என்று வரும், அதைப் பார்த்துவிட்டுத் திரும்பத் திரும்ப முயன்றால் போர்ட் காலி.

இதைக் கண்டுபிடிக்க ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் மல்டிமீட்டரும் போதும். கால்குலேட்டரில் சொருகாமல் போர்டுக்கு மட்டும் யுஎஸ்பி கரண்ட் கொடுங்கள். பிளக்கின் முனைக்கும் அடிப்பகுதிக்கும் குறுக்கே ரெசிஸ்டரைப் பிடித்து வோல்டேஜ் பாருங்கள். ஒழுங்கான போர்டென்றால் லைனை மேலே பிடித்திருக்கும் உள் ரெசிஸ்டர் (புல்லப்) 20 முதல் 50 கிலோ ஓம், எனவே 0.1 முதல் 0.25 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். எங்களிடம் வந்த மூன்றிலும் 4.8-லேயே நின்றது. நடுவில் இருக்கும் உலோக வளையத்துக்கும் அடிப்பகுதிக்கும் குறுக்கே இதே சோதனை. ரெசிஸ்டர் இல்லாமல் அளந்தால் நல்லதும் கெட்டதும் ஒரே மாதிரி 5 வோல்ட் காட்டும், ஏமாந்துவிடாதீர்கள். சோதனையில் தேறினாலும் இரண்டு டேட்டா வயரிலும் தலா 470 ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் சால்டர் செய்துவிட்டுத்தான் சொருக வேண்டும்.

பிளக்கையும் கண்ணால் பாருங்கள். கறுப்பு வளையம் இரண்டு இருக்க வேண்டும். ஒன்றே இருந்தால் மோனோ, ஒரு டேட்டா லைன் கிரவுண்டோடு ஒட்டிவிடும். மூன்று இருந்தால் மைக் வைத்த ஹெட்போன் பிளக், அதுவும் ஆகாது. எங்களுக்கு வந்த ஒன்றில் மூன்று இருந்தது.

ஆர்டுயினோ போர்டின் சிப்பில் ஏடிமெகா328பி என்று அச்சடித்திருக்கிறது. சிப்போடு பேசும் ஏவிஆர்டியூட் என்ற மென்பொருளில் சிக்னேச்சர் (சிப்பின் அடையாள எண்) கேட்டால் 1இ 94 06, அதாவது வெறும் ஏடிமெகா168. அசல் 328பி என்றால் 1இ 95 0எஃப் வரும். 32 கேபி ஃப்ளாஷுக்குக் காசு வாங்கிக்கொண்டு 16 கேபி தந்திருக்கிறார்.

எல்லாவற்றையும்விடப் பயந்தது பேட்டரியைப் பார்த்துத்தான். பை மாதிரி இருக்கும் லித்தியம் செல்மேல் '1000 எம்ஏஎச்' ஸ்டிக்கர். உரித்தால் கீழே 402030. அதாவது 4 மி.மீ. கனம், 20 அகலம், 30 நீளம். அந்த அளவில் 200 எம்ஏஎச் வந்தாலே பெரிது. சார்ஜர் டிபி4056 போர்டு. அதில் கரண்டைத் தீர்மானிக்கும் ரெசிஸ்டரில் 122 என்று இருக்கிறது. 1.2 கிலோ ஓம், அப்படியென்றால் 1 ஆம்பியர். இத்தனூண்டு செல்லுக்கு அது ஐந்து மடங்கு. உப்பும், தீப்பிடிக்கவும் செய்யும். அந்த ரெசிஸ்டரைக் கழற்றி 10 கிலோ ஓம் போட்டால் சுமார் 130 மில்லி ஆம்பியருக்கு இறங்கிவிடும். சார்ஜர் போர்டில் அவுட் பிளஸ், அவுட் மைனஸ் பேடுகள் (வயர் சால்டர் செய்யும் இடங்கள்) தனியாக இல்லாவிட்டால் பாதுகாப்புச் சிப்பும் இல்லை என்று அர்த்தம். அந்தச் சார்ஜரைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு வாங்குங்கள். உப்பிய செல்லைத் தொடவே தொடாதீர்கள். நல்ல செல்லையும் தேக்கு அலமாரிமேலோ மெத்தைமேலோ வைத்து சார்ஜ் போடாதீர்கள். ஆத்தங்குடிக் கல் தரையில் வைத்து, பக்கத்திலேயே இருந்து போடுங்கள்.

பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள், வாட்ஸ்அப் உரையாடலையும் பணம் கட்டிய ரசீதையும் அழிக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு. பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது.

ஏற்கெனவே சொருகிவிட்டீர்களா? உடனே பிடுங்குங்கள். கால்குலேட்டரை ஆன் செய்து, எதிலும் இணைக்காத ஒரு நல்ல ஸ்டீரியோ பிளக்கை 'டக்'கென்று உட்காரும்வரை அழுத்திச் சொருகி, இரண்டு டேட்டா லைனையும் கிரவுண்டுக்கு எதிராக அளந்து பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே வோல்டேஜில் மேலே நின்றால் பெரும்பாலும் தப்பித்தது. ஒன்று மட்டும் பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தால் அந்த லைன் போய்விட்டது.