ஜீப்பா, ஜிப்ஸியா? கடலோரத்துக்காரன் கணக்கு

என்னிடம் மஹிந்திரா எம்.எம். 540 டீசல் ஜீப் இருந்தது, மச்சானிடம் மாருதி ஜிப்ஸி, அது பெட்ரோல் வண்டி. இரண்டுமே பழசு, இரண்டுமே அவசரத்துக்குக் கிளம்பாதவை. இன்றைக்கும் யாராவது எதை வாங்கலாம் என்று கேட்டால் ஜீப் என்றுதான் சொல்வேன், ஏர்வாடி, சாயல்குடி என்று எங்கள் ராமநாதபுரம் கடலோரத்து ஆள் என்றால் இன்னும் அழுத்திச் சொல்வேன்.

மணலில் ஜிப்ஸிதான் கெட்டி, அதில் சண்டையில்லை. எடை கம்மி, டயரில் காற்றை இறக்கிவிட்டால் போய்க்கொண்டே இருக்கும். 2017-இல் அரிச்சல்முனை வரை ரோடு திறப்பதற்கு முன்னால் தனுஷ்கோடி மணலில் ஓட்டியவர்களுக்கு அந்த அருமை தெரியும். பெட்ரோல் செலவைப் பற்றிப் பேச வேண்டாம், விடுங்கள்.

விஷயம் துருதான். கடற்கரைக்குப் போய்வந்தால் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவு என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எங்களுக்கு போர் தண்ணீரே உப்பு, நல்ல தண்ணீர் குடக் கணக்கில் காசு கொடுத்து வாங்குவது, அதை வண்டிக்கு ஊற்றினால் அம்மா சும்மா விடுமா? பழைய இன்ஜின் ஆயிலில் டீசல் கலந்து சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், அடித்து வைப்போம், அதுவும் அடுத்த மழை வரைக்கும்தான். ஆக துரு வரத்தான் செய்யும், வந்த பிறகு உள்ளூரில் சரிபண்ண முடியுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். என் ஜீப்பில் காலடித் தகடு அரித்துப்போய், ஓட்டும்போது கிளட்சுக்குக் கீழே ரோடு ஓடுவது தெரியும். டிராக்டர் டிரெய்லர் அடிக்கிற பட்டறையில் விட்டேன், சாயங்காலத்துக்குள் வெட்டியெடுத்து, தட்டைத் தகடு வைத்து வெல்டிங் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஜிப்ஸியின் மெல்லிசான தகட்டில், உப்பு தின்றது போக மிச்சமிருந்ததில், அதே பட்டறைக்காரர் வெல்டிங் ராடு வைத்ததும் ஓட்டை இன்னும் பெரிதானது.

இன்ஜினும் அப்படித்தான். ஜீப்பில் இருப்பது பியூஜோ வடிவமைத்த 2,112 சிசி டீசல், ஓட ஆரம்பித்துவிட்டால் கரண்டே தேவையில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் உப்பில் செத்துக் கிடந்த காலத்தில் கண்மாய்க் கரைச் சரிவில்தான் நிறுத்துவேன், எங்கள் ஊரில் மேடு என்று இருப்பது அது ஒன்றுதான். உருண்டு கிளம்பாவிட்டால் டீக்கடையில் இருப்பவர்கள் கேட்காமலே வந்து தள்ளுவார்கள், ஆளுக்கொரு மெக்கானிக் யோசனையும் இலவசம். மச்சானுடையது கார்புரேட்டர் வண்டி, அதையும் நான் ஓட்டியது கொஞ்சம்தான். 2000-க்கு அப்புறம் வந்த, கார்புரேட்டருக்குப் பதிலாக எலக்ட்ரானிக் முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ ஜிப்ஸிக்காரர்கள் என்னோடு மல்லுக்கு நிற்கலாம்.

எதை வாங்கினாலும் பெயிண்டைப் பார்த்து மயங்காதீர்கள். ஸ்குரூ டிரைவரோடு அடியில் படுத்து, பின்பக்க ஸ்பிரிங் சேஸிஸில் மாட்டியிருக்கும் இடத்தில் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் ஜீப்பே ஆனாலும் வேண்டாம்.