மறியாடுகளை ஒன்றாகச் சினைப்படுத்த: ஸ்பொஞ்சு, சிடர், ஊசி, கிடாய்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆடு விற்பவருக்குக் கலண்டர்தான் பெரிய தலையிடி. குர்பானிக்குக் கொடுக்கும் ஆட்டுக்கு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும். பெருநாளோ ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே போகும். 2028இல் அது மே முதல் வாரத்தை ஒட்டி வருகிறது. அப்படியானால், வயதைப் பிறைக் கணக்கில் பார்த்தால், குட்டி 2027 மே நடுப்பகுதிக்குள் பிறந்தாக வேண்டும். சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள் என்பதால், 2026 டிசம்பர் நடுப்பகுதிக்குள் மறிகள், அதாவது பெட்டை ஆடுகள், அத்தனையும் சினைப்பட்டிருக்க வேண்டும். பிந்திப் பிறந்த குட்டி அந்த ஆண்டு விலைக்குப் போகாது. கொழும்பின் கொலன்னாவை, வெல்லம்பிட்டி, மட்டக்குளிப் பக்கங்களில் வீட்டின் பின்புறத்தில் பத்துப் பதினைந்து ஆடு வைத்திருப்பவர்கள், எல்லா மறிகளையும் ஒரே வாரத்தில் வேட்கைக்கு, அதாவது கிடாயை ஏற்கும் நிலைக்கு, கொண்டுவர வழி கேட்பது இதனால்தான்.

வழிகள் நான்கு இருக்கின்றன: ஹோர்மோன் ஊறிய ஸ்பொஞ்சு, சிடர் எனப்படும் சிலிக்கோன் கருவி, புரோஸ்டாகிளாண்டின் ஊசி, ஹோர்மோனே இல்லாமல் கிடாயைக் கொண்டு தூண்டுவது. விலை, எத்தனை வீதம் சினைப்படும் என்ற அளவில் இவற்றை ஒப்பிடுவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். மறியின் இனப்பெருக்கப் பாதையில் ஏற்கெனவே குடியிருக்கும் பற்றீரியாக்களுக்கு இவை என்ன செய்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வரிசை மாறுகிறது. இந்த அலசல் அந்தக் கோணத்தில்தான்.

முதலில், சுகமான மறியின் யோனி எப்படி இருக்கும்? பெண்களின் உடலைப் பற்றிப் படித்ததை அப்படியே ஆட்டுக்குப் பொருத்துவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. பெண்களில் பெரும்பாலும் லக்டோபசிலஸின் ஆட்சி. அது உண்டாக்கும் அமிலத்தால் பீ.எச் 4.5க்குக் கீழே இருக்கும். ஆட்டிலும் செம்மறியிலும் பீ.எச் 7ஐ ஒட்டியே நிற்கிறது. லக்டோபசிலஸ் இருந்தாலும் சொற்பம். ஸ்டபிலோகொக்கஸ், ஸ்ட்ரெப்டோகொக்கஸ், கொரினிபக்டீரியம், பசிலஸ் என்று பலவும் கலந்து வாழும் இடம் அது. சுகமான மறியில் அவை பொதுவாக நோய்க்கிருமியாக நடந்துகொள்வதில்லை. ஆகவே யோனியில் தயிர் தடவினால் சரியாகிவிடும் என்ற அறிவுரையை யார் சொன்னாலும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடுங்கள். தேர்ந்தெடுத்த லக்டோபசிலஸ் வகைகளை ஆய்வாளர்கள் செம்மறிகளில் சோதித்திருக்கிறார்கள். அதற்கும் சட்டித் தயிருக்கும் சம்பந்தமில்லை.

இந்தக் குடியிருப்பும் நிலையானதல்ல. வேட்கை வட்டம் ஏறத்தாழ 21 நாள். அதில் வேட்கை நேரத்தில் ஈஸ்திரோஜன் உயரும். சளி நீர்த்து வழியும். யோனிச் சுவரின் மேற்படை தடித்து உரியும். வெண்குருதிக் கலங்கள் வந்து சேரும். கிடாய் ஏறும் நேரத்தில் வாசல் தானாகவே கழுவப்படுகிறது. புரொஜெஸ்தரோன் ஆளும் மற்ற நாள்களில் நிலைமை நேர்மாறு: சளி தடித்துக் கருப்பைக் கழுத்து அடைபடும், எதிர்ப்புச் சக்தி தணிந்திருக்கும். ஸ்பொஞ்சும் சிடரும் செய்வது இந்த இரண்டாவது நிலையைச் செயற்கையாக நீட்டுவதுதான். அத்துடன், அந்த நாள்கள் முழுவதும் உடலுக்குச் சொந்தமில்லாத ஒரு பொருள் உள்ளே இருக்கிறது. ஹோர்மோன் காவலைத் தளர்த்துகிறது. பொருள் கிருமிக்குத் தங்குமிடம் கொடுக்கிறது.

ஸ்பொஞ்சு

1960களில் அவுஸ்திரேலியாவில் செம்மறிகளுக்காக உருவான முறை இது. பொலியூரேத்தேன் பஞ்சில் செயற்கைப் புரொஜெஸ்தரோன் ஏற்றப்பட்டிருக்கும். 60 மில்லிகிராம் மெட்ரொக்சிபுரொஜெஸ்தரோன், ஆட்டுக்கென்றால் 45 மில்லிகிராம் ஃபுளூஜெஸ்தோன் என்பன பழக்கமான அளவுகள். பழைய முறையில் ஆட்டுக்குள் இரண்டு வாரத்திலிருந்து மூன்று வாரம் வரை வைத்திருப்பார்கள். எடுக்கும் நேரத்தில் சினைக் குதிரையின் சீரத்திலிருந்து பெறும் ஹோர்மோன் ஊசியும் போடப்படும். ஓரிரு நாளில் மந்தை முழுக்க வேட்கை.

எடுக்கும்போது அருகே நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது தெரிந்திருக்கும். வெளியே தொங்கும் நூலில் சாணமும் மயிரும் ஒட்டிக் காய்ந்திருக்கும். நூலைக் கீழ்நோக்கி மெல்ல இழுத்தால் முதலில் ஸ்பொஞ்சு வராது. அதற்குப் பின்னால் தேங்கிக் கிடந்த கலங்கல் திரவம்தான் வரும், சில மறிகளில் இளஞ்சிவப்பாக, சிலவற்றில் சீழைப் போல மஞ்சளாக. பிறகு ஸ்பொஞ்சு வரும், ஊறிப் பருத்து. நாற்றம் கையுறையைக் கழற்றிய பின்னும் போகாது. வெட்டையான கொட்டிலிலேயே இப்படியென்றால், ஒக்டோபர், நவம்பர் மழையில் தரை காயவே காயாத கொழும்புக் கொட்டிலில் எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தத் திரவத்தை வளர்ப்பூடகத்தில் இட்டுப் பார்த்த ஆய்வுகள் ஆர்ஜென்டீனா, உருகுவே, பிரேசில், மெக்சிகோ போன்ற நாடுகளிலிருந்து வந்திருக்கின்றன. கதை பெரும்பாலும் ஒன்றுதான். வைப்பதற்கு முன்பிருந்ததைவிடப் பற்றீரியா எண்ணிக்கை பல மடங்கு, சில வேளை நூறு மடங்குக்கும் மேல், ஏறுகிறது. எண்ணிக்கையைவிட ஆள்மாற்றம்தான் கவனிக்க வேண்டியது. முன்பு ஸ்டபிலோகொக்கஸ் போன்ற கிராம் நேர் வகைகள் நிறைந்திருந்த இடத்தில், ஈ. கோலை முதலான குடல்வாழ் கிராம் எதிர் வகைகள் பெருகுகின்றன. நூலில் ஒட்டிய சாணத்தை நினைத்துக்கொண்டால் இதில் வியப்பு இல்லை. ஸ்பொஞ்சு சுரப்பை உறிஞ்சி வைத்திருக்கிறது, வடிவதைத் தடுக்கிறது, வெப்பமோ உடல் வெப்பம். கிருமிக்கு வேறென்ன வேண்டும்?

சிடர்

நியூசிலாந்தில் பிறந்தது. நைலோன் தண்டின் மேல் சிலிக்கோன், அதற்குள் 0.3 கிராம் இயற்கைப் புரொஜெஸ்தரோன். இறக்கை விரித்து உள்ளே நிற்கும். உறிஞ்சாது, சுரப்பு அதன் ஓரமாக வடிந்து வெளியேறும். அதனால் எடுக்கும்போது நாற்றமும் தேக்கமும் ஸ்பொஞ்சைவிடத் தெளிவாகவே குறைவு. யோனிச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் தொல்லையும் அரிது. இதை வைத்துச் சிடர் சுத்தமானது என்று சொல்லிவிட முடியாது. அதுவும் வெளிப்பொருள்தான், அழற்சியும் பற்றீரியா ஏற்றமும் இதிலும் உண்டு, அளவுதான் குறைவு.

சிடரின் உண்மையான ஆபத்து நம் சிக்கனத்தில் இருக்கிறது. முதல் முறை எடுத்த பின்னும் அதில் ஹோர்மோன் மிச்சமிருக்கும் என்பதால் கழுவி மறுபடி பயன்படுத்துகிறார்கள். ஆய்வுகளிலும் அப்படிச் செய்து சினைப்பட வைத்திருக்கிறார்கள், முறையாகக் கிருமிநீக்கம் செய்து. 2022இன் டொலர் தட்டுப்பாட்டுக் காலத்தைக் கடந்து வந்த நாட்டில் எதையும் எறிய மனம் வராது. ஆனால் சவர்க்காரத் தண்ணீரில் அலசி அடுத்த மறிக்கு வைப்பது, ஒரு மறியின் கிருமியை இன்னொன்றுக்குக் கையாலேயே கொண்டுபோய்க் கொடுப்பது. அதற்குப் புது ஸ்பொஞ்சே மேல்.

இந்த இரண்டுக்கும் இடையிலான விவாதத்தில் ஒரு விடயம் அமுங்கிப்போகிறது: எதை வைத்தோம் என்பதற்கு நிகராக எத்தனை நாள் வைத்தோம் என்பதும் முக்கியம். ஐந்து முதல் ஏழு நாள் மட்டும் வைத்து, எடுக்கும்போதோ அதற்குச் சற்று முன்போ புரோஸ்டாகிளாண்டின் போடும் குறுகிய முறை இப்போது நன்கு நிலைபெற்றுவிட்டது. சினை வீதத்தில் நீண்ட முறைக்குக் குறைவில்லை. ஒரு வாரம் இருந்த ஸ்பொஞ்சு, மூன்று வாரம் இருந்த சிடரைவிட மோசம் என்று என்னால் நம்ப முடியவில்லை. இன்றும் மூன்று வாரம் வைக்கச் சொல்பவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

ஊசி

புரோஸ்டாகிளாண்டின் முறையில் யோனிக்குள் எதுவும் போவதில்லை. கருவி கொண்டுவரும் ஏற்றமோ நாற்றமோ இல்லை. அந்த இடம் இயற்கையான வட்டத்தின் தாளத்திலேயே நடக்கிறது. ஊசி சூலகத்தில் புரொஜெஸ்தரோன் சுரக்கும் மஞ்சட்சடலத்தைக் கரைக்கிறது, புரொஜெஸ்தரோன் விழுகிறது, வேட்கை வருகிறது. எல்லா மறியும் ஒரே கட்டத்தில் இருக்காது என்பதால் பத்துப் பதினொரு நாள் இடைவெளியில் இரண்டு ஊசி.

குறை வேறு இடத்தில். மஞ்சட்சடலம் இல்லாத மறியில், அதாவது வட்டமே ஓடாத மெலிந்த மறியிலும் பால் கொடுத்துக் களைத்த மறியிலும், இந்த ஊசிக்கு வேலையே இல்லை. ஆட்டில் சினைக்காலம் முழுவதும் மஞ்சட்சடலத்தை நம்பியே நிற்பதால், ஏற்கெனவே சினைப்பட்டிருக்கும் மறிக்குப் போட்டால் குட்டி கலைந்துவிடும். கிடாயும் மறியும் ஒரே கொட்டிலில் திரியும் வீடுகளில் இது வெறும் எச்சரிக்கை அல்ல, நிச்சயமான நட்டம். மருந்து தோலில் பட்டாலும் உடலுக்குள் போகும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமாக்காரரும் அதைத் தொடவே கூடாது.

கிடாய்

புதிய, வீரியமுள்ள கிடாயை மறிகளிடையே விட்டால், அதன் வாடையும் சத்தமும் துரத்தலும் வட்டம் ஓடாத மறிகளைக்கூட எழுப்பிவிடும். அந்த வாடையில் வேலை செய்யும் ஒரு மூலக்கூறை, 4-எத்தைலொக்டனல் என்பதை, ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014இல் இனங்கண்டார்கள். கிடாயின் தலைப்பகுதியிலிருந்து வெளிவருகிறது அது. முதல் வேட்கை சில நாள்களுக்குள் வரும், ஆனால் பெரும்பாலும் குறைவட்டமாக முடிந்து ஒரு வாரத்துக்குள் இரண்டாவது, கருத்தரிக்கும் வேட்கை வரும். ஹோர்மோனைப் போல ஒரே நாளில் எல்லாம் நடக்காது. பத்து நாள் அளவில் பரவியிருக்கும்.

கிடாயை வாடையே எட்டாத தூரத்தில் வாரக்கணக்கில் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று பழைய புத்தகங்கள் சொல்லும். மதிலுக்கு மதில் ஆடு நிற்கும் கொழும்பில் அது நடக்கிற காரியமா? நல்லவேளை, மறிகளுக்கு அறிமுகமில்லாத வேறொரு கிடாயைக் கொண்டுவந்தாலும் பலன் உண்டு என்று பிந்திய ஆய்வுகள் காட்டியுள்ளன. வத்தளையிலிருக்கும் மச்சானின் கிடாயை இரண்டு வாரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். இதிலும் கிருமி இல்லாமல் இல்லை. கிடாயின் உறுப்பு உறையிலும் பற்றீரியா உண்டு, ஏறும்போது அதுவும் சேர்ந்துதான் போகிறது. ஆனால் வேட்கையில் இருக்கும் மறி அதைச் சமாளிக்கத் தயாராக இருக்கும் நேரம் அது.

சரி, நாற்றத்தால் நட்டம் உண்டா?

நேர்மையாகச் சொன்னால், எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. ஸ்பொஞ்சை எடுத்ததும் வேட்கை வருகிறது. ஈஸ்திரோஜனோடு அந்தக் கழுவலும் வருகிறது. ஏறிய எண்ணிக்கை சில நாள்களுக்குள் பழைய நிலையை நெருங்கிவிடுகிறது. திரவம் வடிந்த மறிகளும் நன்றாகவே சினைப்படுகின்றன. யோனி அழற்சியால் சினை வீதம் விழுகிறது என்று ஆய்வுகள் ஒரே குரலில் சொல்லவில்லை.

பழைய ஆய்வுகளை வாசிக்கும்போது இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். வளர்ப்பூடகத் தட்டில் எண்ணுவது காற்றில் வளரும் வகைகளை மட்டுமே. ஸ்பொஞ்சுக்குப் பின்னால், காற்றுப் போகாத இடத்தில் பெருகும் ஃபியூசோபக்டீரியம் போன்றவை அந்தத் தட்டில் முளைப்பதே இல்லை. பற்றீரியாக்களை வளர்க்காமல் மரபணுவைக் கொண்டே இனங்காணும் 16எஸ் மரபணு வரிசையாக்கம் அவற்றையும் காட்டுகிறது. ஆனால் அது தருவது யார் எத்தனை பங்கு என்பதை, மொத்தம் எத்தனை என்பதையோ உயிரோடு இருக்கிறதா என்பதையோ அல்ல. ஒரு கட்டுரை பற்றீரியா கூடியது என்றும் மற்றொன்று பன்மை குறைந்தது என்றும் சொன்னால் இரண்டும் மோதுவதாக எண்ண வேண்டாம். இரண்டு வெவ்வேறு கேள்விக்கான பதில்கள் அவை.

எனக்கு உண்மையில் கவலை தருவது நாற்றத்தைப் பார்த்ததும் நாம் செய்வதுதான். கொட்டிலில் இந்த உரையாடல் அடிக்கடி நடக்கும்.

“டொக்டர், இவ்வளவு நாறுகிறதே, ஒரு ஊசி போட்டுவிடுங்களேன்.”

“காய்ச்சல் இருக்கிறதா நானா? தீனி தின்கிறதா?”

“தின்கிறது. ஆனாலும் ஒரு பாதுகாப்புக்கு...”

அந்தப் பாதுகாப்புக்குத்தான் ஒக்சிதெட்ராசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி. ஸ்பொஞ்சிலேயே அதைத் தெளித்து வைக்கும் வழக்கமும் உலகில் பல இடங்களில் உண்டு. நாற்றம் குறையும், எண்ணிக்கை குறையும். சினை வீதம் கூடுவதாகத் தெளிவான சான்று இல்லை. ஆனால் ஸ்பொஞ்சு வைத்த ஆடுகளிலிருந்து பிரித்தெடுத்த பற்றீரியாக்களில் தெட்ராசைக்கிளினுக்கு மசியாதவை பதிவாகியிருக்கின்றன. மருந்து போட்ட ஆட்டின் பாலையும் இறைச்சியையும் குறித்த நாள்வரை விற்கவும் கூடாது. காய்ச்சல் இல்லை, தீனி எடுக்கிறது, வடிதல் இரண்டு மூன்று நாளில் தெளிகிறது என்றால் விட்டுவிடலாம். நாற்றம் நீடித்தால், மறி சோர்ந்தால், அப்போது மிருக வைத்தியர் மாதிரி எடுத்துப் பார்த்து மருந்தைத் தீர்மானிக்கட்டும்.

கொழும்புக்கு என் தெரிவு இது. பதினைந்து மறிக்குள் வைத்திருப்பவர், கிடாய் கொண்டு இயற்கையாகவே சேர்ப்பவர் என்றால் ஸ்பொஞ்சும் வேண்டாம், சிடரும் வேண்டாம். மறிகள் கொழுத்து வட்டம் ஓடுகின்றன என்றால் ஸ்கேன் பார்த்துச் சினையில்லை என்று உறுதி செய்துகொண்டு ஊசி. மெலிந்திருந்தால் ஒரு மாதம் பலா இலையும் கிளிரிசீடியாவும் தவிடும் கொடுத்துத் தேற்றிவிட்டுப் புதுக் கிடாய். ஏறத்தாழ ஏழு டிகிரி அகலாங்கில் இருக்கும் நமக்குப் பகல் நீளத்தால் வரும் பருவத் தடை பெரிதாக இல்லை. ஐரோப்பிய ஆட்டுக்காரர் அந்தத் தடையைத் தாண்ட ஸ்பொஞ்சை நாடுவது அவர்கள் சிக்கல்.

ஸ்பொஞ்சோ சிடரோ தேவைப்படுவது செயற்கைச் சினைப்படுத்தலுக்கு. போயர் என்ற இறைச்சி இனக் கிடாயின் விந்தை நேரம் குறித்துச் செலுத்த வேண்டுமென்றால், வேட்கை எந்த நாள் வரும் என்று ஊகித்துக்கொண்டிருக்க முடியாது. அப்போது சிடர், ஒரு வாரத்துக்குள், ஒரு மறிக்கு ஒன்று. கிடைக்காவிட்டால் ஸ்பொஞ்சு, அதே ஒரு வாரம். வைப்பதற்கு முன் யோனிமடலைக் கழுவித் துடையுங்கள். ஒவ்வொரு மறிக்கும் கையுறையையும் செலுத்தியையும் மாற்றுங்கள் அல்லது கிருமிநீக்கம் செய்யுங்கள். நூலைச் சாணம் படாத அளவுக்குக் கட்டையாக வெட்டுங்கள், ஆனால் உள்ளே போய்விடாத அளவுக்கு. குதிரைச் சீர ஊசியை ஒரே மறிக்கு வருடா வருடம் போட வேண்டாம். உடல் அதற்கு எதிர்பொருள் உண்டாக்கி, வேட்கை பிந்தி, சினை வீதம் விழுவது பிரான்சின் பாலாடுகளில் நன்றாகக் காணப்பட்ட ஒன்று. கன்னி மறிகளுக்கு ஸ்பொஞ்சு வைக்கவே வேண்டாம். பாதை ஒடுக்கம், கிழியும், ஒட்டிக்கொள்ளும்; அவற்றைக் கிடாயிடமே விடுங்கள்.