மலைக்குளிரில் காஸ் உலை: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, அலவாங்கு எல்லாம் அடித்துத் தோய்த்துக் கொடுக்கிற பட்டறை எங்களுடையது. கரி உலையிலிருந்து காஸ் உலைக்கு மாறிச் சில வருடங்கள் ஆகின்றன. மாறியது நல்லது என்றுதான் இன்றும் சொல்வேன். கத்தியின் நீளம் முழுக்க ஒரே நிறத்தில் சிவக்கிறது. தோய்க்கும் பதம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது. லொறிப் பட்டாவில், அதாவது ஸ்பிரிங் தகட்டில், அடித்த கத்திக்கு அந்தப் பதம் தவறினால் ஒன்று வாய் மடங்கும், இல்லாவிட்டால் தெறிக்கும்.

காஸையும் காற்றையும் கலந்து எரிக்கும் எங்கள் பேர்னர் விசிறியில்லாமல் தானே காற்றை இழுக்கும் வகை. முக்கால் அங்குல இரும்புக் குழாய், பின்னால் காற்றுக்கு அகன்ற வாய், அதன் நடுவே, காஸ் பீறிடும் ஜெட்டாக, மிக் வெல்டிங் துப்பாக்கியின் சிறு துளையுள்ள டிப் ஒன்று. ஜெட் குழாயின் நட்டநடுவே நேராகப் பார்க்க வேண்டும். சற்றுச் சாய்ந்தாலும் சுடர் ஒரு பக்கம் ஒதுங்கும். அதனால் அந்தப் பகுதியை லேத்தில் கொடுத்தே கடைந்தோம். நெருப்புப் படும் முனைக்கு நாகம் (துத்தநாகம்) பூசிய தண்ணீர்க் குழாயைப் போடவே கூடாது. சூட்டில் நாகம் புகையாகி, சுவாசித்தவருக்கு அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் வரும். முனைக்கு ஸ்டெயின்லெஸ் நல்லது.

நுவரெலியா நகரம் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தோடு பார்த்தால் இங்கே காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிவு. கொழும்பில் ஒழுங்காக எரிகிற அதே ஜெட், இங்கே காற்றுப் போதாமல் உலை வாய்க்கு வெளியே மஞ்சள் நாக்கை நீட்டும். காற்று வாயை முழுதாகத் திறந்தும் அடங்காவிட்டால் ஒரு அளவு சிறிய ஜெட்டுக்கு மாறுங்கள். எங்களுக்கு அப்படித்தான் சரிவந்தது.

இனி குளிர். சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த காஸ். புரொப்பேன் மைனஸ் 42 பாகையிலேயே ஆவியாகும். பியூட்டேனுக்கு ஏறக்குறைய பூச்சியம் பாகை வேண்டும். புரொப்பேன் முந்திப் போய்விடுவதால், சிலிண்டர் தீரத்தீர உள்ளே மிஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன். போதாததற்கு, காஸ் ஆவியாகும்போது சிலிண்டரும் தானாகக் குளிரும். தை, மாசியில் புல்லில் உறைபனி விழுகிற காலைகளில், அரைச் சிலிண்டர் இருந்தும் அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் இறங்கிக்கொண்டே போகும். அழுத்தம் இறங்கினால் குழாயில் போகும் காஸ், காற்றுக் கலவையின் வேகம் குறையும். சுடர் குழாய்க்குள்ளேயே பின்வாங்கி டப்டப்பென்று வெடிக்கும். அந்தச் சத்தம் கேட்டவுடன் காஸை மூட வேண்டும். குழாய் ஆறிய பிறகுதான் மறுபடி பற்றவைக்கலாம்.

சிலிண்டரைச் சுடுதண்ணீரில் வைப்பவர்களையும் உலைக்குப் பக்கமாக நகர்த்துபவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். 37.5 கிலோச் சிலிண்டருக்கு மாறியதும் எங்கள் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. சிலிண்டர் பெரிதானால் சுற்றிலுமிருந்து சூட்டை வாங்கும் பரப்பும் பெரிது, அவ்வளவுதான். படுக்கவைத்தால் திரவமே குழாய்க்குள் வரும். ஆகவே எப்போதும் நிமிர்த்தியே வைக்கிறோம், சுவரோடு சங்கிலி போட்டு.

சமையலறை ரெகுலேட்டர் உலைக்கு உதவாது. அது கொடுப்பது 30 மில்லிபார் அளவு. உலைக்கு அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் வேண்டும். அதற்காக ரெகுலேட்டரே இல்லாமல் சிலிண்டரிலிருந்து நேரே குழாய் இழுப்பது உயிரோடு விளையாடுவது. மீட்டர் வைத்த உயர் அழுத்த ரெகுலேட்டரும் அதற்கென்ற ஹோஸும் வாங்குங்கள். இந்த இரண்டிலும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்கார நுரை பூசி, குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே தீக்குச்சி உரச வேண்டும்.

காஸ் காற்றைவிடக் கனம், தாழ்வைத் தேடிப் போகும். நம் இடமெல்லாம் சரிவு. மேலே கசிந்தால் கான் (வடிகால்) வழியாக இறங்கி, கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாரோ அடுப்பு மூட்டும் இடத்தில் போய்த் தேங்கும். அதனால் சிலிண்டரைக் கானுக்கு எட்டத்தில், கீழே வீடில்லாத பக்கமாக, வெளித் தாழ்வாரத்தில் வைத்திருக்கிறோம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் கார்பன் மொனொக்சைட்டில்தான். நிறமில்லை, மணமில்லை. கசிவைக் காட்டிக்கொடுக்க காஸில் நாற்றம் சேர்க்கிறார்கள். எரிந்து வரும் இந்த நஞ்சில் அந்த நாற்றமும் இருக்காது. மூடுபனி உள்ளே வரும்போது எங்கள் பையன், "அண்ணே, குளிருது, கதவச் சாத்தவா?" என்பான். உலை எரிகிற நேரம் முழுக்கக் கதவு சாத்தக் கூடாது என்பது பட்டறையின் சட்டம். எதிரெதிராக இரண்டு பக்கமும் திறப்பு, கூரை உச்சியில் ஒரு தகரம் தூக்கிவிட்ட வழி. தலைவலி, குமட்டல், காலில் தளர்ச்சி, இதில் ஒன்று வந்தாலும் உலையை நிறுத்திவிட்டு வெளியே போக வேண்டும். ஸ்வெட்டர் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்.

உலைக்குள்ளே சூடு தாங்க விரித்த செராமிக் நார்க் கம்பளியை, நெருப்புத் தாங்கும் தீச்சாந்து பூசி முழுதாக மூடியிருக்கிறோம். வெறும் நாரின் தூசி நுரையீரலுக்குக் கேடு. சாந்து வெடிக்கும் இடத்தை அவ்வப்போது பூசுகிறோம். பெயர்த்தெடுக்கும்போது நனைத்துக்கொண்டு, முகமூடியும் போட்டுக்கொள்கிறோம்.

2022இல் காஸ் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது பழைய துருத்திதான் சோறு போட்டது. அதை இன்னும் கழற்றவில்லை.

வேலை முடிந்ததும் முதலில் சிலிண்டர் வால்வை மூடி, ஹோஸில் மிஞ்சியது எரிந்து அணைந்த பிறகு ரெகுலேட்டரைத் தளர்த்துகிறோம். எங்கள் பேர்னர் மேலிருந்து இறங்குவதால் கடைசியில் காற்று வாயையும் அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உலைச்சூடு குழாய் வழியே மேலேறி ஜெட்டைக் கெடுத்துவிடும்.