பொன்னியின் செல்வன்: பாதியில் மூடி வைத்தவர்களுக்காக ஒரு மதிப்புரை

தமிழில் நாவல் படிக்க ஆசை என்று யாரிடமாவது சொன்னால் முதலில் கைக்கு வருவது பொன்னியின் செல்வன்தான். பிடித்திருக்கிறது என்றால் பேச்சு அதோடு முடிந்தது. பிடிக்கவில்லை என்றால் விசாரணை ஆரம்பமாகும்: முழுசாகப் படித்தீர்களா, எந்தப் பாகத்தில் விட்டீர்கள், அந்தத் தமிழ் பிடிபட்டதா? 2022-லும் 2023-லும் படம் வந்தபோது ஐந்து பாகத்தையும் வாங்கி, இரண்டாம் பாகத்தோடு நிறுத்திவிட்டு, அதை வெளியே சொல்லத் தயங்குகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுடைய அலுப்புக்கான காரணம் நூலுக்குள்ளேயே இருக்கிறது. இன்ன அத்தியாயம் என்று எடுத்துக் காட்டவும் முடியும். கதையின் முடிச்சுகளை அவிழ்க்காமல் அதைச் செய்ய வழியில்லை. இனிமேல்தான் படிக்கப் போகிறவர்கள் பதிப்புகளைப் பற்றிய பகுதியை மட்டும் பார்த்தால் போதும்.

கல்கி இதைத் தன் வார இதழில் 1950-இல் தொடங்கி 1954 வரை மூன்றரை ஆண்டு தொடராக எழுதினார். ஐந்து பாகங்களில் புது வெள்ளம் 57 அத்தியாயம், சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாகச் சிகரம் 91. மொத்தம் 293. மூன்றரை ஆண்டை 180 வாரம் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ அத்தியாயம் வரும். ஓவியர் மணியம் வரைந்த படத்தைப் பார்த்து, அந்த அத்தியாயத்தை வீட்டில் நாலு பேர் கைமாற்றிப் படித்து, அடுத்து என்ன ஆகும் என்று ஏழு நாள் பேசிக்கொண்டிருக்க எழுதப்பட்ட கதை இது. இன்றைக்கு ஒரே விடுமுறை நாளில் 30 அத்தியாயத்தை முடிக்கிறவர், அந்தக் கால வாசகர் நாலு மாதத்துக்கு மேல் படித்ததை ஒரே மூச்சில் விழுங்குகிறார். ஏழு நாள் இடைவெளியில் கண்ணில் படாத தையல் எல்லாம் அப்போது துருத்திக்கொண்டு தெரியும்.

புது வெள்ளத்தின் 14-ஆம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பு ‘ஆற்றங்கரை முதலை’. குடந்தை சோதிடர் வீட்டிலிருந்து கிளம்பிய வந்தியத்தேவன், கதையை நடத்திச் செல்லும் இளம் வீரன், அரிசிலாற்றங்கரைக்கு வருகிறான். பெண்களின் கூச்சல் கேட்கிறது. கரையில் முதலை. அவர்களைக் காப்பாற்ற வேலாயுதத்தை ஓங்கி எறிகிறான். கடைசியில் பார்த்தால் அது உயிருள்ள முதலையே அல்ல. பெண்கள் சிரிக்கிறார்கள், அவனுக்கு வெட்கம், சோழ இளவரசி குந்தவையோடு அறிமுகம் ஆகிறது. தனியாகப் படித்தால் அருமையான நகைச்சுவைக் காட்சி. ஆனால் பதற வைத்து, பாய வைத்து, பிறகு ‘ஒன்றுமில்லை’ என்று கைவிரிக்கும் இந்த அச்சில்தான் கல்கி அடுத்தடுத்த அத்தியாயங்களை வார்க்கிறார். பொருளடக்கத்தை மட்டும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ‘குதிரை பாய்ந்தது!’, ‘திரை சலசலத்தது!’, ‘அபாயம்! அபாயம்!’, ‘திருடர்! திருடர்!’, ‘கடல் பொங்கியது!’, ‘நான் கொன்றேன்!’ என்று ஆச்சரியக்குறிகள் வரிசை கட்டி நிற்கும். பத்தாவது முறை நெஞ்சு படபடக்க வேண்டிய இடத்தில் வாசகருக்குக் கொட்டாவி வந்தால் அது அவருடைய ரசனைக் குறைவு ஆகாது. முதல் ஒன்பது முறையும் அபாயம் யாரையும் தொடவில்லை என்பதை அவர் சரியாகக் கவனித்திருக்கிறார்.

ஒளிந்து கேட்பது இன்னொன்று. கடம்பூர் மாளிகையில் மதுராந்தகனுக்குப் பட்டம் கட்ட நடுநிசிக் கூட்டம் நடக்கிறது. மேலிருந்து வந்தியத்தேவன் கேட்கிறான்; அதே கூட்டத்தை மதிலுக்கு மேலே தலை நீட்டி வைணவ ஒற்றன் ஆழ்வார்க்கடியானும் கேட்கிறான். பிறகு திருப்புறம்பியம் பள்ளிப்படையில், அதாவது அரசர் சமாதிக் கோயிலில், ரவிதாஸன் கூட்டம் சோழ குலத்துக்கு எதிராகச் சதி பேசும்போது மறைந்திருந்து கேட்பவனும் ஆழ்வார்க்கடியான்தான். முதல் 20 அத்தியாயத்துக்குள் கதையின் இரண்டு பெரிய இரகசியமும் இப்படியே வெளியாகிவிடுகிறது. அதற்கப்புறம் மரம், தூண், திரை, புதர் எதைக் கண்டாலும் அதற்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று வாசகரே ஊகிக்கத் தொடங்கிவிடுவார். உளவாளிகள் நிறைந்த கதை என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். உளவாளி பணம் கொடுப்பான், பொய் சொல்வான், ஆளை மடக்குவான். எந்நேரமும் சரியான தூணுக்குப் பின்னால் சரியான நேரத்தில் வந்து நின்றுகொண்டிருக்க மாட்டான்.

மூன்றாவது குறை சொன்னதையே சொல்வது. வாசகர் கண்ணால் பார்த்த நிகழ்ச்சியை ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்திடம் மறுபடி சொல்லும். போன வாரம் விட்டவருக்கு அது தேவை. ஐந்து பாகத்தையும் பக்கத்தில் அடுக்கி வைத்திருப்பவருக்கு அது பாரம். கொலை வாள், மணிமகுடம் இரண்டிலும் இந்தச் சுமை அதிகம். நூலின் பெயருக்கு உரியவனும் பின்னாளில் இராஜராஜன் ஆகிறவனுமான அருள்மொழிவர்மன் முதல் பாகம் முழுக்க ஈழத்தில் இருக்கிறான்; நேரில் சந்திக்க இரண்டாம் பாகம் வரவேண்டும். அந்தப் பாகம் முடிந்ததும் காய்ச்சலோடு நாகப்பட்டினத்தில் சூடாமணி விஹாரம் என்ற பௌத்த மடத்துக்குப் போய்விடுகிறான். அடுத்த இரண்டு பாகத்தில், அதாவது 92 அத்தியாயத்தில், அவனுக்குப் பெரும்பாலும் மறைந்திருப்பதுதான் வேலை. தொடராக வந்தபோது அது ஒரு வருஷத்துக்கும் மேலான காலம். நாயகனைக் காணோமே என்று இடையில் தவித்தவர்கள் தவித்ததில் நியாயம் இருக்கிறது.

இவை எல்லாம் தொடர்கதைக்கே உரிய தேய்மானம், பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஐந்தாம் பாகம்.

கதை வீரநாராயண ஏரிக்கரையில், ஆடிப்பெருக்கு நாளில் தொடங்குகிறது. அந்த வீரநாராயணபுரம்தான் இன்றைய காட்டுமன்னார்கோயில். அதே ஊர் அனந்தீசுவரர் கோயிலில் இருப்பதுதான் உடையார்குடி கல்வெட்டு. இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டியது. அவனுடைய அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், அவன் தம்பி ரவிதாஸனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், இன்னொரு தம்பி பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன் ஆகியோரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்களுடைய, அவர்கள் உறவினர்களுடைய நிலம் பறிமுதல் ஆனதையும் சொல்கிறது. பிரம்மாதிராஜன் என்பது உயர்ந்த அதிகாரிகளுக்கு அரசு கொடுக்கும் பட்டம். ஒருவன் பட்டத்தில் பாண்டியனுக்குரிய ‘பஞ்சவன்’. இன்னொருவன் பட்டத்தில் ‘இருமுடிச்சோழ’ என்றே வருகிறது. அண்ணனைக் கொன்றவர்கள் மீது நடவடிக்கை வர இடையில் ஆண்ட சிற்றப்பன் உத்தம சோழன் ஆட்சி முடிந்து தம்பி பட்டத்துக்கு வரவேண்டியிருந்தது ஏன்? வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழனைச் சந்தேகித்தார். இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிடப் பெரிய கேள்வி என்ன கிடைக்கும்?

கல்கி ரவிதாஸனை எடுத்துக்கொண்டார், கேள்வியை விட்டுவிட்டார். நாவலில் அவன் பாண்டியனின் ஆபத்துதவி, அதாவது அரசனுக்காக உயிரைக் கொடுக்கச் சபதம் செய்த மெய்க்காவலன். சோழ அரசுக்குள்ளே இருந்தே கை ஓங்கியது என்ற திகில் போய்விட்டது. கொலை நடக்கும் கடம்பூர் அறையில் பழிவாங்க வந்த நந்தினி இருக்கிறாள், அவள் கணவர் பெரிய பழுவேட்டரையர் இருக்கிறார், வந்தியத்தேவன் இருக்கிறான். கத்தி யாருடையது என்பதைக் கடைசிவரை மங்கலாகவே வைத்துவிடுகிறார். நாலு பாகம் முழுக்க அந்தச் சாவை நோக்கி இழுத்துக்கொண்டு வந்துவிட்டு, சாவு நடந்ததும் விளக்கை அணைத்துவிட்டார். வரலாற்றில் உறுதியில்லை, அதனால் நாவலிலும் சொல்லவில்லை என்பது சரியான பதில் அல்ல. பிறந்த குழந்தையையே மாற்றி வைக்கத் துணிந்த கற்பனைக்கு இங்கே மட்டும் என்ன கூச்சம்?

அந்தக் குழந்தை மாற்றம் இன்னும் பெரிய சேதம். சோழர் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்வது இது: மக்கள் அருள்மொழியை அரசனாகக் கேட்டார்கள்; தன் சிற்றப்பனுக்கு நாட்டின் மேல் ஆசை இருக்கிறவரை தனக்கு அது வேண்டாம் என்று அவன் மறுத்தான். ஆசைப்படும் ஒருவனுக்கு விட்டுக்கொடுத்தான் என்பதில்தான் அந்தத் தியாகத்தின் கனம் இருக்கிறது. நாவலில் அந்தச் சிற்றப்பன் இடத்தில் ஆசைப்படும் மதுராந்தகன், ராணி செம்பியன் மாதேவியின் பிள்ளையே அல்ல என்று ஆகி ஒதுங்கிவிடுகிறான். பூத்தொண்டு செய்யும் சேந்தன் அமுதன் உண்மையான வாரிசு என்று தெரிகிறது. கிரீடம் வேண்டாம் என்று தவிக்கும் நல்லவன் தலையில் கிரீடம் வைக்கப்படுகிறது. போட்டியாளனையே கதையிலிருந்து எடுத்துவிட்டு அந்தப் பாகத்துக்குத் தியாகச் சிகரம் என்று பெயர் வைத்தால் சிகரம் எங்கே இருக்கிறது? படத்தில் இந்த மாற்றத்தை விட்டுவிட்டார்கள், மதுராந்தகனுக்கே முடிசூட்டினார்கள். அதனால் கதை ஒன்றும் சரிந்துவிடவில்லை. 14-ஆம் அத்தியாயத்து முதலை போலத்தான் இங்கேயும்: வேலாயுதத்தை எறிந்தாயிற்று, எதிரே உயிருள்ளது எதுவும் இல்லை.

நந்தினியும் ஊமை ராணியும் ஒரே சாயலில் இருப்பது, குந்தவையின் தோழி வானதி அடிக்கடி மயங்கி விழுவது, அழகான பெண் என்றாலே விஷம் என்று நந்தினியைச் சுற்றி வரும் வருணனை, இவையெல்லாம் இன்றைய வாசகருக்கு உறுத்தும். விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

நல்லதையும் சொல்லாவிட்டால் மதிப்புரை நேர்மையாக இருக்காது. உரையாடலில் கல்கிக்கு இருந்த கை அசாத்தியமானது. தஞ்சைக் கோட்டையில் சக்கரவர்த்தியிடம் ‘அபாயம்’ என்று எச்சரித்துவிட்டு, கோட்டைத் தலைவர் சின்னப் பழுவேட்டரையர் துருவிக் கேட்கும்போது ‘அபயம்’ என்றுதான் சொன்னேன் என்று வந்தியத்தேவன் நழுவும் இடம் வேறு எந்த மொழிக்கும் போகாது. ஒரு கால் எழுத்தில் உயிர் தப்புகிறான். கோடிக்கரைப் புதைசேறு, நடுக்கடல் புயல், ஓடக்காரப் பெண் பூங்குழலியின் தனிமை இவை மனத்தை விட்டுப் போவதில்லை. புது வெள்ளம் மட்டும் தனி நூலாக நின்றிருந்தால் இந்தக் குறைகளில் பாதி எழுந்தே இருக்காது.

வாங்குவதென்றால் முதல் பாகத்தை மட்டும் தனியாக வாங்குங்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டதால் பல பதிப்பகங்கள் போடுகின்றன. தரம் ஒன்றுபோல் இல்லை. ஐந்து பாகத்தையும் ஒரே புத்தகமாகக் கட்டியதை விலை மலிவு என்று எடுக்காதீர்கள். இரண்டாயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட விஷயத்தை ஒரே அட்டைக்குள் அடக்க எழுத்தைச் சிறிதாக்குவார்கள், தாளை மெல்லியதாக்குவார்கள். பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரியும். பசை மட்டும் போட்ட முதுகு, நடுவில் விரித்து வைத்தால் பிளந்து பக்கம் உதிரும். தையல் போட்டதா என்று மேல்விளிம்பைப் பார்த்தால் தெரியும், தாள்கள் கற்றை கற்றையாக மடிந்திருக்கும். கடையிலேயே பொருளடக்கத்தைத் திறந்து 57, 53, 46, 46, 91 என்ற கணக்கைச் சரிபாருங்கள். குறைந்தால் அது சுருக்கப் பதிப்பு. அட்டையில் அதைச் சிறிய எழுத்தில் போட்டிருக்கலாம். ‘மலர் உதிர்ந்தது!’ என்ற கடைசி அத்தியாயத்துக்குப் பிறகு கல்கியின் முடிவுரை இருக்கிறதா என்றும் பாருங்கள். பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்ற வாசகர் கேள்விகளுக்கு அவர் பதில் சொல்வது அங்கேதான். செலவே வேண்டாம் என்றால் மதுரைத் திட்டம் (Project Madurai) என்ற இணைய நூலகத்தின் தளத்தில் முழு நூலும் இலவசமாக இருக்கிறது.

படிப்பதானால் நாளுக்கு இரண்டு அத்தியாயம், அதற்கு மேல் வேண்டாம். ஐந்து மாதத்தில் முடியும். இடையில் வேறு ஏதாவது படியுங்கள், மறதி இந்த நூலுக்கு உதவி செய்யும். ஒரு பாத்திரம் நமக்குத் தெரிந்ததை இன்னொருவரிடம் சொல்லத் தொடங்கினால் அடுத்த செயல் வரும்வரை பக்கத்தைத் தள்ளிவிடலாம், எதுவும் தவறிப்போகாது. முதல் பாகத்தை முடித்தும் அடுத்ததை எடுக்கத் தோன்றவில்லையா, அங்கேயே விட்டுவிடுங்கள். மீதி நாலு பாகமும் அதே சரக்கின் நீட்சி. ‘போகப் போகப் பிடிக்கும்’ என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

கல்கியின் கை பிடித்திருக்கிறது, நீளம்தான் பிரச்சினை என்றால் பார்த்திபன் கனவு போதும். அதிலும் மாறுவேடம் உண்டு, சிவனடியார் யார் என்பதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடலாம், ஆனால் மூன்றே பாகத்தில் கதை சொன்ன இடத்துக்குப் போய்ச் சேர்கிறது. கல்கியே நிகழ்காலத்தை எழுதினால் எப்படி இருக்கும் என்று பார்க்க அலை ஓசை. இறந்தபின் சாகித்திய அகாதெமி விருது பெற்றுத்தந்த நாவல் அது. கரிகாலன் கொலையின் மேல்தான் ஆர்வம் என்றால் சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரத்தில் இரண்டாம் ஆதித்தனையும் உத்தம சோழனையும் பற்றிய பகுதிகளைப் படியுங்கள். சில பக்கங்கள்தான். சோமன், ரவிதாஸன், பரமேஸ்வரன் மூவரும் அங்கே தங்கள் சொந்தப் பட்டத்தோடு நிற்கிறார்கள்.