ஓடும் கயிறா, நிற்கும் கயிறா: சென்னைத் தெரு மரங்களுக்கு எது தோது?

கிளை வெட்ட மரம் ஏறுகிறவருக்குத் தென்னையிலும் பனையிலும் காலில் மாட்டும் தளைக்கயிறும் மரத்தைச் சுற்றிய இடுப்புக் கயிறும் போதும், அவை கிளை பிரியாத மரங்கள். தூங்குமூஞ்சியிலோ பெருங்கொன்றையிலோ இடுப்புக் கயிற்றை ஒவ்வொரு கவட்டையிலும் அவிழ்த்துக் கட்ட வேண்டும். அவிழ்த்த நொடியில் ஆளுக்குப் பிடிமானமே இல்லை. ஆகவே கிளை விரிந்த மரங்களில் போட்டி வேறு இரண்டு முறைகளுக்கு இடையேதான்.

பழைய முறையில் கயிறு கவட்டையின் மேல் போய்த் திரும்பும். ஒரு முனை இடுப்பு பெல்ட்டில் இருக்கும். மறு புரியை, அதாவது திரும்பி வரும் பக்கத்தை, உராய்வு முடிச்சு பிடித்துக்கொள்ளும்; பாரம் விழுந்தால் இறுகும், தளர்த்தினால் நகரும் முடிச்சு அது. ஆள் ஏற ஏறக் கயிறும் ஓடும். புதிய முறையில் கயிறு அசையாமல் கட்டப்பட்டிருக்கும். பாதத்திலும் முழங்காலிலும் மாட்டிய கவ்விகளால் அதன் மேல் ஏற வேண்டும். சென்னைத் தெரு மரங்களுக்கு என் ஓட்டு பழையதற்கே.

வேகத்தில் புதியது ஜெயிக்கும், அதில் வாதமில்லை. ஓடும் கயிற்றில் 10 மீட்டர் ஏற 20 மீட்டர் கயிறு இழுக்க வேண்டும். ஆனால் நம் தெருக்களில் மரம் உயர்வதைவிடப் படர்வதுதான் அதிகம். நேரமெல்லாம் மேலே போய்க் கிளைக்குக் கிளை நகர்வதில்தான் செலவாகும்.

முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று: கவட்டையின் மேல் இறங்கும் பாரம். ஆளும் ரம்பமும் சாமானும் சேர்ந்து 90 கிலோ என்று வையுங்கள். ஓடும் கயிற்றில் இரண்டு புரிகளும் ஆளிடமே வந்து சேர்வதால் பாரத்தை ஏறக்குறையப் பாதிப் பாதியாகத் தாங்கும். கவட்டைக்கு 90 கிலோதான். நிற்கும் கயிற்றைப் பலரும் அடிமரத்தில் கட்டுகிறார்கள். அப்போது ஒரு புரி ஆளைத் தாங்க, மறு புரியும் அதே அளவு கீழே இழுக்கும். கவட்டைக்கு 180 கிலோவை நெருங்கும். பட்டையின் உராய்வு இதைக் கொஞ்சம் குறைக்கும். ஏறும்போது உண்டாகும் குலுக்கல் மறுபடி கூட்டிவிடும்.

இந்த இரட்டிப்பு நம் ஊரில் சும்மா விடக்கூடியதல்ல. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் கிளை முறிந்த மரங்கள் பல, முறிந்த இடத்திலிருந்தே மறுபடி துளிர்த்தன. அப்படி வளர்ந்த போத்து தொடைப் பருமன் ஆனாலும் மரத்தின் வெளி அடுக்கில் மட்டுமே ஒட்டியிருக்கும்; அடியில் பழைய முறிந்த முனை உளுத்துக்கொண்டிருக்கும். தரையிலிருந்து பார்த்தால் இலை மறைத்துவிடும். குல்மோகரோ இயல்பிலேயே முறியும் மரம். எந்த முறையானாலும், ஏறுவதற்கு முன் இருவர் கயிற்றில் தொங்கிக் குலுக்கிப் பார்த்தே ஆக வேண்டும். காளான், கருத்த கசிவு, பொந்து தென்பட்டால் அந்தக் கவட்டை வேண்டாம்.

நிற்கும் கயிற்றை மேலேயே கவட்டையைச் சுற்றிச் சுருக்கிட்டால் இரட்டிப்பு போய்விடும். ஆனால் அடியில் கட்டுவதன் பெரிய நன்மையும் அதோடு போகும்: அடிமரத்தில் இறக்கும் கருவி வைத்துக் கட்டியிருந்தால், மேலே ஆள் மயங்கினாலும் கீழே நிற்பவரே இறக்கிவிடலாம். இது லேசான நன்மையல்ல. ஓடும் கயிற்றில் ஏறுகிறவருக்குக் கீழே, ஏறத் தெரிந்த இன்னொருவரும் தனிக் கயிறும் தயாராக இருக்க வேண்டும்.

பழைய முறையின் குறை தேய்மானம். கயிறு நேராகக் கவட்டையில் ஓடினால் மரப்பட்டையும் கிழியும், கயிறும் நையும். பெரியதும் சிறியதுமாக இரண்டு வளையம் கோத்த வாரைக் கவட்டையில் போட்டு, கயிற்றை வளையங்கள் வழியே ஓட்டினால் இரண்டும் தப்பும். வேலை முடிந்ததும் கயிற்றின் முனையில் ஒரு குண்டைக் கட்டி இழுத்தால், அது பெரிய வளையத்தைத் தாண்டிச் சிறியதில் சிக்கும். வார் கீழே வந்துவிடும்.

அடுத்தது முடிச்சு. உராய்வு முடிச்சில் ஒரு வகையான பிளேக் முடிச்சுக்குக் கயிற்றின் மேல் நான்கு சுற்று; வால் கீழே வந்து பின்புறமாக அடிச் சுற்று இரண்டுக்குள் நுழைந்து வெளியேற வேண்டும். வால் நுனியில் தடை முடிச்சு கட்டாயம். மாமரத்தில் முசுறு கடிக்கிறதென்று சரசரவென இறங்கினால் சுற்றுகள் சூடேறிக் கண்ணாடிபோல் பளபளக்கும். அந்தத் துண்டு அதோடு சரி. அதனால்தான் முடிச்சை முதன்மைக் கயிற்றின் நுனியில் போடாமல் தனித் துண்டில் போடுவது நல்லது, துண்டை மட்டும் மாற்றலாம். பாரிமுனையில் நைலான் என்று விற்பதை நம்பி இதற்கு வாங்காதீர்கள். ஒரு துணுக்கை வெட்டித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் அது நைலான் அல்ல, பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். 160 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே உருகும், வெயிலிலும் சீக்கிரம் நைந்துபோகும். நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும்.

இதே முடிச்சை மட்டும் நம்பி நிற்கும் கயிற்றில் இறங்கவே கூடாது. முழு பாரமும் ஒரே புரியில் விழுவதால் முடிச்சு இறுகிக்கொள்ளும், இளகினால் கருகும். அங்கே உராய்வைப் பங்கிட ஒரு கருவி வேண்டும். அத்தோடு கவ்விகள், ஸ்பிரிங், அச்சு. பெசன்ட் நகர் போன்ற கடலோரத்தில் உப்பும் பிசினும் இவற்றில் ஏறும். நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைப்பதைத் தள்ளிப்போட முடியாது.

20 மீட்டரைத் தாண்டிய மகோகனி என்றால் என் தீர்ப்பு இவ்வளவு உறுதியாக இருக்காது. அங்கே ஏற்றமே பெரும் வேலை. கயிற்றை இரண்டு மூன்று கவட்டைகள் வழியே திருப்பினாலும் நிற்கும் கயிற்றில் இழுவை அதிகரிக்காது. ஓடும் கயிற்றில் ஒவ்வொரு திருப்பமும் கையைக் கட்டிப்போடும். அதனால் முதலில் வாங்கும் கயிறு அதிகம் நீளாத வகையாக, 11.5 முதல் 13 மில்லிமீட்டர் தடிமனில், 45 மீட்டர் நீளத்தில் இருக்கட்டும். பின்னால் முறையை மாற்றினாலும் அதே கயிறு உதவும். முடிச்சோ கருவியோ அந்தத் தடிமனுக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.