ஓபிடிலிங்க் ஈஎக்ஸ்: ஃபோர்டு மாட்யூல் கோடிங்குக்கு வாங்கலாமா?

ஈகோஸ்போர்ட்டோ என்டெவரோ வைத்துக்கொண்டு, ஃபோர்ஸ்கேன் மென்பொருளில் மாட்யூல் கோடிங் (வண்டியின் கட்டுப்பாட்டுக் கணினிகளில் உள்ள அமைப்புகளை மாற்றி எழுதுவது) செய்ய நினைப்பவர், வண்டியின் ஓபிடி போர்ட்டை லேப்டாப்போடு இணைக்க வாங்க வேண்டிய அடாப்டர் இதுதான். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. அதனால் விளக்கு, கதவுப் பூட்டு போன்றவற்றைக் கவனிக்கும் பாடி கன்ட்ரோல் மாட்யூலைக் கெடுத்துக்கொண்டு மாற்றுக்கு அலையாமல் இருப்பது முன்னைவிட முக்கியம்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஈஎல்எம்327 சிப்பின் நகலில் ஓடும் அடாப்டர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இரண்டு இடத்தில் தெரியும். இந்த வண்டிகளில் மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் லைன்கள் இரண்டு உண்டு. ஓபிடி போர்ட்டின் 6, 14 பின்களில் 500 கேபிபிஎஸ் வேகத்தில் ஓடும் ஹெச்எஸ் கேனில் இன்ஜின், ஏபிஎஸ் போன்றவை இருக்கும். 3, 11 பின்களில் 125 கேபிபிஎஸ் எம்எஸ் கேனில் ஆடியோ, ஏசி வகையறா இருக்கும். நகல்களில் இதற்கு ஒரு சுவிட்சைக் கையால் தள்ள வேண்டும். சுவிட்சே இல்லாததில் எம்எஸ் கேன் மாட்யூல்கள் கண்ணிலேயே படாது. ஈஎக்ஸ் தானாக மாறிக்கொள்ளும். இரண்டாவது, நீளமான டேட்டா. நகல் சிப்பில் டேட்டாவைத் தற்காலிகமாகத் தாங்கும் பஃபர் சிறியது, நடுவில் பைட் விட்டுப்போகும். படிக்கும்போது விட்டால் மறுபடி படித்துக்கொள்ளலாம். எழுதும்போது விட்டால் மாட்யூல் பாதியில் நிற்கும். யுஎஸ்பி ஒயர் என்பதால் ப்ளூடூத், வைஃபை போல இணைப்பு அறுந்துபோகும் பயமும் இல்லை. ஒயரை மட்டும் பெடல் பக்கம் தொங்கவிடாதீர்கள், கால் பட்டால் பிளக் கழன்றுவிடும்.

அடாப்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பேட்டரி வோல்டேஜ் விழுந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. சேதத்துக்குப் பெரிய காரணமே இதுதான். இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப் நிலையில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி மெல்ல இறங்கிக்கொண்டே வரும். ஓரிரு விநாடியில் முடிகிற கான்ஃபிகரேஷன் மாற்றத்துக்கு நல்ல பேட்டரி போதும். மாட்யூலின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரை ஏற்றுவது வேறு கதை. நேரம் பிடிக்கும், இன்ஜின் மாட்யூல் பேச்சை நிறுத்தியதும் பல வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் ஓடத் தொடங்கி, 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 5 ஆம்பியர் சார்ஜர் அங்கே தாங்காது. 13.5 வோல்ட்டை அசையாமல் பிடிக்கும், 30 ஆம்பியராவது தரும் பவர் சப்ளை வேண்டும். பல்ஸ் அடித்து சார்ஜ் செய்யும் சார்ஜரோ, பக்கத்து வண்டியை ஸ்டார்ட்டில் வைத்து ஜம்பர் கேபிள் போடுவதோ கூடவே கூடாது. வோல்டேஜ் ஏறி இறங்கும்.

எழுதுவதற்கு முன்பு ஹெட்லைட், ப்ளோயர், ஆடியோ எல்லாவற்றையும் அணையுங்கள். லேப்டாப்பில் ஸ்லீப்பையும் விண்டோஸ் அப்டேட்டையும் நிறுத்துங்கள். பிறகு, தொடப்போகிற மாட்யூலின் ஆஸ்-பில்ட் டேட்டாவை (அதில் பதிவாகியிருக்கும் அமைப்பு விவரத்தை) ‘சேவ் ஆல்’ கொடுத்து ஏபிடி கோப்பாக எடுத்து, லேப்டாப்புக்கு வெளியேயும் ஒரு பிரதி வையுங்கள். 726 என்று தொடங்கும் வரிகள் பாடி கன்ட்ரோல் மாட்யூலுடையவை, 720 டாஷ்போர்டு மீட்டருடையது. ஒவ்வொரு வரியின் கடைசி பைட் செக்சம், அதாவது அந்த வரி பிழையில்லாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் எண். அதை ஃபோர்ஸ்கேனே கணக்கிட்டுக்கொள்ளும், நீங்கள் தொட வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் செய்து, எழுதி, சோதித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். வேறொருவர் வண்டியின் ஏபிடி கோப்பை அப்படியே ஏற்றுவதுதான் அடிக்கடி நடக்கும் விபரீதம். வண்டியில் இல்லாத சென்சாரை மாட்யூல் தேடும். யு2101, அதாவது கான்ஃபிகரேஷன் பொருந்தவில்லை என்ற பிழைக் கோடு வந்து நிற்கும். யு2100 வந்தால் கான்ஃபிகரேஷன் முழுமையாக ஏறவில்லை என்று பொருள், பேக்கப்பைத் திரும்ப எழுதுங்கள்.

எழுதியவுடன் சம்பந்தமே இல்லாத மாட்யூல்களிலும் கோடுகள் வரிசையாக வரும், பதற வேண்டாம். இக்னிஷனை அணைத்து, மறுபடி போட்டு, அழித்துவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். திரும்பி வருவதுதான் உண்மையான கோடு. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே தடைபட்டால் இக்னிஷனை அணைக்காதீர்கள். வோல்டேஜைச் சரிசெய்து, அதே கோப்பை மறுபடி ஏற்றுங்கள். மாட்யூலுக்குள் மென்பொருளை ஏற்ற உதவும் பூட்லோடர் உயிரோடு இருக்கும்வரை பெரும்பாலும் மீண்டுவிடும்.

குறைகளும் உண்டு. கோடிங்குக்கு விண்டோஸ் லேப்டாப் கட்டாயம். போனில் ஓடும் ஃபோர்ஸ்கேன் லைட்டில் கோடிங் கிடையாது. கோடிங்கைத் திறந்துவிடும் ஃபோர்ஸ்கேன் எக்ஸ்டெண்டட் லைசன்ஸும் வேண்டும், அது அந்த லேப்டாப்போடு கட்டுப்பட்டது. ஃபோர்ஸ்கேன் ஃபோர்டு, மஸ்டா, லிங்கன், மெர்குரி வண்டிகளுக்கு மட்டுமே என்பதால், வீட்டில் இருக்கும் மாருதிக்கும் சேர்த்து இதை வாங்குகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அங்கே சாதாரண ஓபிடி கோடு படிப்பதோடு சரி. செக் இன்ஜின் லைட் ஏன் எரிகிறது என்று பார்ப்பது மட்டும்தான் தேவை என்றால் இவ்வளவு செலவு வேண்டாம். கோடிங் செய்கிறவர் மட்டும் இதை வாங்கட்டும், அதே பட்ஜெட்டில் பவர் சப்ளைக்கும் இடம் ஒதுக்கிவிட்டு.