கணையத்தைக் கண்காணிக்க எம்ஆர்ஐயா, ஈயூஎஸ்ஸா?

அப்பாவுக்கு நோய் தெரிந்தபோது வயது 58. சாதாரண மஞ்சள் காமாலை என்று நினைத்துத்தான் கூட்டிப் போனோம். கணையத்தில் புற்றுநோய், கல்லீரல் வரை பரவியிருந்தது. சில வருடம் கழித்து அத்தைக்கும் அதே நோய். இப்படி நெருங்கிய ரத்த உறவில் இரண்டு பேருக்கு வந்திருந்தால், 50 வயதிலோ, குடும்பத்தில் இளவயதில் நோய் வந்தவரின் வயதுக்குப் பத்து வருடம் முன்னதாகவோ கண்காணிப்பைத் தொடங்கச் சொல்வார்கள். நான் 48இல் தொடங்கினேன். குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர்களுக்கு இந்தப் பரிசோதனைகள் தேவையில்லை. அமெரிக்க நிபுணர் குழுவும் 2019இல் அதையேதான் சொன்னது.

கணையப் புற்றுநோய்க்குப் பார்க்கும் சிஏ 19-9 என்ற ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பி உட்கார முடியாது. ஆரம்ப நோயில் அது இயல்பாகவே இருக்கலாம், பித்தக்குழாய் அடைத்தாலே ஏறும், சிலர் உடம்பில் அது சுரப்பதே இல்லை. சாதாரண வயிற்று ஸ்கேனில் குடல் வாயு கணையத்தை மறைத்துவிடும். சிடி ஸ்கேன் என்றால் வருடாவருடம் கதிர்வீச்சு. மிச்சம் எம்ஆர்ஐ, ஈயூஎஸ் இரண்டுதான்.

ஈயூஎஸ் என்பது எண்டோஸ்கோப்பி குழாயின் நுனியில் அல்ட்ராசவுண்ட். இரைப்பைக்குள் போய்க் கணையத்தை ஒட்டி நின்று பார்க்கிறது. ஒரு சென்டிமீட்டருக்கும் சிறிய கட்டியைப் பிடிப்பதில் இதுதான் கெட்டி. சந்தேகம் வந்தால் ஊசி வழியாகத் திசுவும் எடுக்கலாம்.

ஆனாலும் நான் எம்ஆர்ஐயைத்தான் பிடித்துக்கொண்டேன். இது ஒருமுறை பார்த்துவிட்டு மறக்கிற விஷயம் இல்லை, வருடாவருடம் பார்க்க வேண்டும். போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் கணையத்தில் என்ன மாறியது என்பதுதான் கேள்வி. எனக்குக் கணையத்தின் வால் பகுதியில் 6 மி.மீ. நீர்க்கட்டி ஒன்று இருக்கிறது. இரண்டாம் வருடம் டாக்டர் இரண்டு எம்ஆர்ஐ படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து காட்டினார்: கட்டி வளரவில்லை, கணையக் குழாயும் விரியவில்லை. ஊர் மாறினாலும் டிஸ்க்கைக் கையோடு கொண்டுபோனால் போதும். ஈயூஎஸ்ஸில் பார்ப்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்துத்தான் எல்லாம். அவர் சேமித்த சில படங்களும் எழுதிய குறிப்பும்தான் அடுத்தவருக்குக் கிடைக்கும்.

அப்புறம், ஈயூஎஸ் என்றால் மயக்க மருந்து, துணைக்கு ஆள், ஒருநாள் லீவு. என் தங்கை முதல் வருடம் ஈயூஎஸ் செய்துகொண்டாள். அடுத்த வருடம், "அந்தக் குழாய்க்குப் பயந்துதான் தள்ளிப்போட்டேன் அண்ணா" என்றாள். கேட்டதும் எனக்கு அப்பா முகம்தான் வந்தது. எம்ஆர்ஐ என்றதும் என்னோடு கிளம்பி வந்தாள். சில மணி நேரம் பட்டினி, முக்கால் மணி நேரம் படுக்கை, சொல்லும்போது மூச்சைப் பிடிக்க வேண்டும், அவ்வளவே.

நான் ஈயூஎஸ் செய்துகொண்டது ஒரே ஒரு முறை, அதனால் என் தீர்ப்பு ஒருபக்கமாக இருக்கலாம். எங்களைப் போல ஆபத்து அதிகமுள்ளவர்களைக் கண்காணிக்கும் கேப்ஸ் என்ற அமெரிக்க ஆய்வில் இரண்டையுமே பயன்படுத்துகிறார்கள். 2022இல் வெளியான முடிவில், கண்காணிப்பில் பிடிபட்ட 9 பேரில் 7 பேருக்கு நோய் முதல் நிலையில்தான் இருந்தது. எம்ஆர்ஐயில் திடமான கட்டியாக ஏதாவது தெரிந்தால் யோசிக்காமல் ஈயூஎஸ்ஸுக்குப் போவேன். ரத்தத்தில் சர்க்கரை புதிதாக ஏறினாலும், அது இந்த நோயின் அறிகுறியாக இருக்கலாம் என்பதால், அடுத்த வருடம் வரை காத்திருக்க மாட்டேன். தை மாதத்தில் எனக்கும் தங்கைக்கும் ஒரே நாளில் எம்ஆர்ஐ பதிவு செய்திருக்கிறேன். இந்த முறை இடையில் ஒரு ஈயூஎஸ்ஸும் சேர்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.